பத்மாவதியின் ரிவர்ஸ்

பத்மாவதிக்குக் கார் ஓட்டத் தெரியும், ரிவர்ஸ் எடுக்க மட்டும் வராது. வராது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. லைசன்ஸ் பரீட்சையில் மூன்றாவது தடவை அதையும் செய்து காட்டித்தான் பாஸ் பண்ணினாள். சோதிக்க வந்தவர் இறங்கிப் போன கையோடு, இந்தச் சோலி இனி வேண்டாம் என்று தனக்குள் தீர்மானித்துவிட்டாள். அதன் பிறகு ஐந்து வருடமாக அவள் ஓட்டிய கார் முன்னால் மட்டுமே போனது. சூப்பர் மார்க்கெட்டில் நேரே நுழைந்து நேரே வெளியே வரக்கூடிய இடம் அகப்படும் வரை சுற்றிக்கொண்டே இருப்பாள். அகப்படாத நாளில் பருப்பு இல்லாமல் வீட்டுக்கு வருவாள்.

யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் கணக்குப் படிப்பித்தவள். தொண்ணூற்றொன்றில் ஆக்லாந்துக்கு வந்து, ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அவளுக்குப் பயம் இல்லாத பொருள் குறைவு. காஸ் அடுப்புக்குப் பயம், நகரும் படிக்குப் பயம், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயம், அரசாங்க முத்திரை வைத்து வரும் நீளக் கடித உறைக்குப் பயம். பயந்த ஆளைக் கண்டால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் அவர்கள் இருந்த வீட்டில் அடுப்பு இரண்டு தரம் பார்த்து அணைக்கப்பட்டது, கதவு இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டப்பட்டது, யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்காக ஒருவரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை.

கணவர் குலசிங்கத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஃபாக்டரியில் பின்னேர ஷிஃப்ட். வேலை முடிந்து வந்து காரை வீட்டைப் பார்த்தபடி, ரோட்டிலிருந்து வாசலுக்கு வரும் ஓடுபாதையில் நிறுத்திவிட்டுப் படுப்பார். பத்மாவதிக்கோ காலை ஆறு மணிக்கு வேலை. ஐந்தேகாலுக்கு அவரை எழுப்புவாள். அவர் கட்டிய சாரத்தோடு குளிருக்குள் இறங்கி, காரைப் பின்னால் எடுத்து ரோட்டில் விட்டுக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு பகிடி கட்டாயம் இருக்கும். "மைனஸ் கணக்கெல்லாம் படிப்பிச்சனீர், காரில மட்டும் மைனஸ் ஓடாதோ?" என்பார். ஐந்து வருடமாக அதே பகிடி. அவளும் ஐந்து வருடமாகச் சிரித்துவிட்டுப் போவாள், ஆனால் பாதி வழி வரை முகம் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த மனிதருக்குத்தான் தொண்ணூற்றாறில் படகு ஆசை பிடித்தது. ஃபாக்டரியில் திங்கட்கிழமை தேநீர் நேரம் முழுக்க மீன் கதை. அவன் இத்தனை பிடித்தான், இவன் இவ்வளவு நீளத்தில் பிடித்தான் என்று ஆளாளுக்குக் கையை விரிக்கும்போது, இவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டு ஒருநாள் பொறுக்க முடியாமல் பத்திரிகையில் சிறு விளம்பரம் பார்த்து, பத்மாவதியையும் ஏற்றிக்கொண்டு ரொன் என்ற கிழவரின் வீட்டுக்குப் போனார். குலசிங்கத்துக்கு நீந்தத் தெரியாது. அதை அவள் காரில் மூன்று தரம் நினைவூட்டினாள்.

பதினான்கு அடி ஃபைபர் படகு, நீலக் கோடு போட்டது. பின்னால் மாட்டியிருந்த எஞ்சினுக்கு அவர்களுடைய மகள் நிலானியைவிட வயது கூட. ரொன் தண்ணீர்க் குழாயை எஞ்சினில் பொருத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். குலசிங்கம் அந்தச் சத்தத்திலேயே கிறங்கிப் போய் நின்றார். பத்மாவதி படகின் தரையைக் குதிக்காலால் அமுக்கிப் பார்த்தாள், மெத்தென்று இருக்கிறதா என்று. பிறகு குனிந்து ட்ரெய்லரின் துருவைப் பார்த்தாள். உன் மனைவிதான் சரியான இடத்தைப் பார்க்கிறாள் என்று ரொன் சொன்னார். எஞ்சின் நல்ல எஞ்சின், ட்ரெய்லருக்கு வேலை இருக்கிறது என்றார். விடைபெறும்போது கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்து, இதைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று விரலை ஆட்டிச் சொன்னார். குலசிங்கம் அதைக் காரின் முன் பெட்டிக்குள் போட்டு மூடினார். மூடியதுதான், அப்புறம் திறக்கவில்லை.

ட்ரெய்லரைச் சீராக்க ஒரு மாதத்துச் சனி, ஞாயிறு எல்லாம் போனது. சக்கரச் சில்லுகளைக் கழற்றி, பழைய பேரிங்குகளை எறிந்துவிட்டுப் புதியவை போட்டு, முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு நின்றார். பின் விளக்குகளுக்கு வயர் இழுத்தார். காரின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டும் குண்டில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அறிய ட்ரெய்லரின் மூக்கைக் குளியலறைத் தராசில் இறக்கிப் பார்த்தார். தராசு அன்றோடு சரி. பாரம் போதவில்லை என்று படகின் மூக்கைத் தாங்கும் தூணை முன்னால் நகர்த்தினார். அந்தத் தூணில்தான் வின்ச் இருந்தது. கைபிடியைச் சுற்றினால் பட்டி சுருண்டு, கொளுக்கியில் மாட்டிய படகை ட்ரெய்லர் மேல் இழுத்து ஏற்றும். பழைய பட்டி நைந்துபோனதால் புதிது வாங்கி வந்தார். ஆறு மீட்டர் போதும், இவர் ஒன்பது மீட்டரில் வாங்கியிருந்தார். பத்மாவதி தன் தையல் நாடாவை எடுத்து வந்து அளந்து காட்டி, வீண் செலவு என்று ஏசினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபாக்டரியின் வெறும் கார் நிறுத்துமிடத்தில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிப் பழகினார். ட்ரெய்லர் பூட்டிய காரின் குணமே வேறு. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு கையை வை, கை போகிற பக்கம் ட்ரெய்லர் போகும் என்று ரொன் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்மாவதியின் வேலை பின்னால் நின்று கை காட்டுவது. மதிலில் இடித்துவிடுவாரோ என்ற பயத்தில் அவள் கண் ட்ரெய்லரின் சில்லைவிட்டு அகலாது. சில்லு எந்தப் பக்கம் சரியப் போகிறது என்பது ஒரு கட்டத்தில் அவருக்கு முந்தி அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டீயரிங்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

பக்கத்து ஃபிளாட்டில் கோதண்டராமன் இருந்தான். கும்பகோணத்துப் பிள்ளை, நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, மீன் வாசமே ஆகாது. ஆனால் ஊரிலிருந்து வரவழைத்த நாள்காட்டி அவன் வீட்டில் தொங்கியது. படகை முதன்முதலில் தண்ணீரில் இறக்க நல்ல நேரம் பார்த்துச் சொல்வது தன் பொறுப்பு என்று அவனே எடுத்துக்கொண்டான். அந்த நேரம் இந்தியாவுக்கா, நியூசிலாந்துக்கா என்று அவனும் குலசிங்கமும் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினார்கள். கடைசியில் சுவர்க் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதுதான் நேரம் என்று முடிவானது. ஞாயிறு பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை கௌரி நல்ல நேரம். பன்னிரண்டிலிருந்து யமகண்டம், முதல் பயணம் அதற்கு முன் முடிந்து படகு கரையேறிவிட வேண்டும். கடலுக்கும் ஒரு நேரம் உண்டு என்பது படித்த அந்த இரண்டு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மே மாதத்து ஞாயிறு. நிலானி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம். சில்லு ஒவ்வொன்றின் கீழும் எலுமிச்சம்பழம். கோதண்டராமன் கற்பூரம் கொளுத்தியபோது பத்மாவதி பெட்ரோல் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு நின்றாள்.

மனுரேவாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், மனுக்காவ் துறைமுகத்தின் ஒரு கழியோரம் படகு இறக்கும் சிமெந்துச் சரிவு இருந்தது. அங்கே ஒரே ஒரு மனிதர் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறதே, இப்போதா இறக்குகிறீர்கள் என்று கேட்டார். நல்ல நேரம் என்று கோதண்டராமன் சிரித்த முகத்தோடு பதில் சொன்னான். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிப் போனார். குலசிங்கம் ஐந்தாவது முயற்சியில் ட்ரெய்லரைச் சரிவில் இறக்கினார். தண்ணீர் சரிவின் கடைசி அடியில்தான் கிடந்தது. மூவரும் முக்கித் தள்ளியதில் படகு மிதந்தது. காரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தவர், சரிவின் முனையில் நட்டிருந்த மஞ்சள் கட்டையைக் காட்டி, அதற்கு அங்கால சிமெந்து இல்லை, வெறும் சேறு, கவனம் என்று அவளுக்குச் சொன்னார். பிறகு அவரும் கோதண்டராமனும் செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு ஏறிப் போனார்கள். திரும்பி வந்ததும் காரைத் தான் எடுப்பதாகவும், அவள் சும்மா இருந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார்.

சும்மா இருப்பது பத்மாவதிக்கு ஒருநாளும் கைவந்ததில்லை. காரில் ஏறி, கதவைப் பூட்டி, முன் பெட்டியைத் திறந்தாள். ரொன் கொடுத்த புத்தகம் கிடந்தது. அன்றைய தேதியைத் தேடி விரலை வைத்தாள். கடல் முழுவதும் வற்றும் நேரம் பதினொன்று முப்பத்தெட்டு. நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் கட்டைக்கு அப்பால், சற்றுமுன் படகு மிதந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் சேறு பளபளத்தது. இவர்கள் திரும்பும்போது சரிவுக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறுதான் இருக்கும் என்று கணக்கு அவளுக்குச் சொன்னது. கடல் திரும்ப ஏறும் வரை படகில் பேசாமல் இருந்தால் ஒரு குறையும் வராது. ஆனால் பேசாமல் இருக்கிற ஆளையா அவள் கட்டியிருந்தாள்?

பதினொன்று ஐம்பதுக்குப் படகு வந்தது. கரைக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போதே எஞ்சினின் கால் சேற்றில் குத்தி நின்றது. பத்மாவதி சரிவின் முனைக்கு ஓடிப்போய், இறங்க வேண்டாம் என்று இரண்டு கையாலும் காட்டினாள். அங்கே கோதண்டராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். குலசிங்கம் அவளைப் பார்க்கவேயில்லை. காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

முதல் சில அடிகள் கணுக்கால் அளவுதான். அவர் சிரித்தபடி கையை உயர்த்தினார். சரிவின் முனைக்கு ஐந்து, ஆறு மீட்டர் இருக்கையில் முழங்கால் போனது. அடுத்த அடியில் இடுப்பு. படகு ஏற்றுகிறவர்களின் எஞ்சின்கள் தண்ணீரை உதைத்து உதைத்து அந்த இடத்தில் பள்ளம் பறித்திருந்தன. பள்ளம் முழுக்கக் கூழ்போன்ற சேறு, மேலே ஒரு சாண் தண்ணீர். ஒரு காலை இழுக்கப் பார்த்தால் மற்றக் கால் இன்னும் இறங்கியது. கோதண்டராமன் கயிறு எறிந்தான். அதைப் பிடித்து இழுத்தும் அவரும் வரவில்லை, எஞ்சின் ஊன்றி நின்ற படகும் வரவில்லை.

தண்ணீர் அடங்கி நின்றது கொஞ்ச நேரம்தான். பிறகு கழியின் வாய்ப் பக்கமிருந்து மெல்லிய சுருக்கம் ஒன்று ஊர்ந்து வந்து அவர் மிதவைச் சட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டது. கடல் திரும்பிவிட்டது. முதலில் மெதுவாக ஏறும், பிறகு வேகம் பிடிக்கும். பள்ளத்தில் நிற்கிறவரைத்தான் அது முதலில் மூடும். பத்மாவதி சுற்றுமுற்றும் பார்த்தாள். வற்றுக் கடலில் படகுத்துறைக்கு யார் வருவார்கள்? வரும் வழியில் கண்ட கடைசி வீடு ஒரு மைலுக்கு மேல் இருக்கும். அங்கே ஆள் இருக்கிறதோ, நாய்தான் இருக்கிறதோ. காரில் கயிறு இல்லை. கயிறெல்லாம் படகில்.

ட்ரெய்லரில் ஒன்பது மீட்டர் பட்டி இருந்தது.

அந்த எண்ணம் வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வின்ச் ட்ரெய்லரின் முன்பக்கம். பின் முனை வரைக்கே நாலு மீட்டர் போய்விடும், மிச்சம் ஐந்து. சில்லுகள் மஞ்சள் கட்டைக்கு நேரே வந்து நின்றால் பட்டி அவர் கைக்கு எட்டும். ஒரு மீட்டர் குறைந்தால் எட்டாது. ஒரு மீட்டர் கூடினால் ட்ரெய்லர் சேற்றுக்குள் இறங்கி, காரையும் இழுத்துக்கொண்டு அவர் மேலேயே போகும். பதினாறு வருடம் கரும்பலகையில் எழுதிய கணக்குகளில் இப்படி ஒன்று வந்ததில்லை.

"பத்மா," என்று குலசிங்கம் கூப்பிட்டார். குரலில் பகிடி இல்லை. "எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. ஆரையேன் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஒருத்தரும் இல்லையப்பா," என்றாள். "நான்தான் இருக்கிறன்."

காரில் ஏறி ரிவர்ஸைப் போட்டாள். கால் கிளட்சின் மேல் ஆடிய ஆட்டத்தில் கார் இரண்டு தரம் நின்றுபோனது. மூன்றாம் தரம் ஊர்ந்தது. கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்தாள். ட்ரெய்லர் ஒரு பக்கமாக மடிந்தது. முன்னால் எடுத்து நேராக்கித் திரும்பவும் தள்ளினாள். மறுபடி மடிந்தது. பக்கக் கண்ணாடியில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்தாள். கண்ணாடியில் கணவர் தெரிந்தார், அவரைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். சில்லைப் பார், சில்லை மட்டும் பார். ஃபாக்டரி வளவில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்த அதே சில்லு. அது இடது பக்கம் சரிய நினைக்கும்போதே கையை வலது பக்கம் ஒரு விரலளவு நகர்த்தினாள். சில்லு நேராகச் சரிவில் இறங்கியது.

பாசி படிந்த சிமெந்தில் கார் வழுக்கப் பார்த்தது. ஓர் அங்குலம் விடுவாள், பிரேக்கை அழுத்துவாள், பிறகு இன்னும் ஓர் அங்குலம். மஞ்சள் கட்டை ட்ரெய்லரின் சில்லுக்கு நேரே வந்ததும் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் போட்டாள். ஹேண்ட்பிரேக்கை இரண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தாள். இறங்கி, கரையில் கிடந்த இரண்டு கற்களைத் தூக்கி வந்து காரின் முன் சில்லுகளுக்குப் பின்னால் செருகினாள். கோதண்டராமன் படகிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினான். அவள் அவசரப்படவில்லை. அடுப்பை இரண்டு தரம் பார்க்கிற கை அது.

தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது. பட்டியை முழுவதும் உருவிக்கொண்டு ட்ரெய்லரின் பின் முனை வரை நடந்துபோய்க் கொளுக்கியை எறிந்தாள். எட்டவில்லை. இரண்டாவது தரமும் எட்டவில்லை. மூன்றாவது தரம் அவர் விரல் நுனியில் பட்டு, பிடிபட்டது. அக்குளுக்குக் கீழே சுற்றிப் பட்டியிலேயே கொளுவச் சொன்னாள். விறைத்த விரல்களால் அதைச் செய்து முடிக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

"நெஞ்சைத் தண்ணியில சாய்ச்சுப் படுங்கோ. காலை உதையாதேங்கோ."

"பயமாக் கிடக்கு பத்மா."

"எனக்கும்தான். படுங்கோ."

வின்ச்சைச் சுற்றினாள். டக், டக் என்று பற்சக்கரத்தின் பல் விழும் சத்தம். பட்டி விறைத்து நின்றது, பிறகு ஒன்றும் அசையவில்லை. இரண்டு கையாலும் கைபிடியில் தொங்கினாள். ஒரு பல் விழுந்தது. இன்னொன்று. சேறு பெரிய சத்தத்தோடு அவரை விட்டது. அவள் சுற்றச் சுற்ற அவர் தண்ணீரில் முகம் குப்புற மிதந்து, அவர் சீராக்கிய அதே ட்ரெய்லரின் முனையில் வந்து மோதினார். பத்மாவதி ஓடிப்போய் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துச் சிமெந்துக்கு இழுத்தாள். அவர் காலில் இருந்த சப்பாத்து இரண்டையும் சேறு வைத்துக்கொண்டது. அவர் சரிவில் கிடந்து நடுங்கினார், அவள் பக்கத்தில் குந்தியிருந்து நடுங்கினாள்.

பின்னேரம் தண்ணீர் ஏறிப் படகு மிதந்தது. கோதண்டராமன் கயிற்றை எறிய, அவளே ட்ரெய்லரை மறுபடி இறக்கிப் படகை ஏற்றினாள். அப்போது நான்கு தரம் கோணிப்போனது. உங்களுக்குப் பயமே வரலையா அக்கா என்று அந்தப் பிள்ளை குரல் தழுதழுக்கக் கேட்டான். பயத்தில்தான் எடுத்தேன் என்று சொன்னாள். வீட்டுக்கும் அவள்தான் ஓட்டி வந்தாள். ட்ரெய்லரைக் கையால் தள்ளி ஒதுக்கிவிட்டு, காரை ஓடுபாதையில் வழக்கம்போல வீட்டைப் பார்த்தபடி நிறுத்தினாள்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்தபோது பழைய பயம் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. அவரை எழுப்ப வேண்டும், அவர் பகிடி சொல்வார், சிரிக்க வேண்டும். கட்டிலில் பார்த்தாள், ஆளைக் காணவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. குலசிங்கம் வெறும் காலோடு, சாரத்துக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, காரின் முன் கண்ணாடியில் படிந்த பனியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கார் ரோட்டைப் பார்த்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்தார். அதன் பிறகு ஒருநாளும் அந்தக் கார் வீட்டைப் பார்த்து நிற்கவில்லை. எத்தனை களைத்து வந்தாலும் அதைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் படுத்தார். அன்று பத்மாவதி உள்ளே ஏறி, ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து, முன்னால் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.